மெல்லிய முனை

கம்ப்ரஸரில் காற்று ஏறும்வரை மேரிசெல்வி நாற்காலியின் விளிம்பில் காத்திருந்தாள். புதுச்சேரியில் வரைபொருள் விற்கும் கடை. கண்ணாடி மேசைமேல், காற்றால் வண்ணம் தூவும் இரண்டு ஏர்பிரஷ்கள் கிடந்தன. இரண்டும் பேனாவைவிடக் கொஞ்சம் தடிமன்.

மழை இறங்கியதும் மரக்காணத்து உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது. இனி தை பிறந்தால்தான் பாத்தியில் கால் வைக்கலாம். அதுவரை ஈசிஆர் ரிசார்ட்டில் சனி, ஞாயிறு வந்து, தங்க வரும் பிள்ளைகளின் கையில் வரையச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்தது மெகந்தி. அது காயும்வரை பிள்ளைகள் உட்காருவதில்லையாம். காற்றில் அடிக்கிற டாட்டூதான் வேண்டுமாம். மெஷினை அவளே கொண்டுவர வேண்டும்.

"இது பெரிய முனை. அச்சு அட்டைய வச்சு அடிச்சிட்டே போலாம்," என்றார் கடைக்காரர் தேவநாதன். "இது மெல்லிசு. அட்டை இல்லாம கையாலயே வரையலாம். அமுக்குனா காத்து, பின்னால இழுத்தா கலரு. விரல் சொன்ன பேச்சு கேக்கணும்."

"அவளே கேக்க மாட்டா. விரலா கேக்கப்போவுது," என்றான் அவள் கணவன் அந்தோணிராஜ்.

"நீ சும்மா கைய நீட்டு."

அவள் மெல்லிசை எடுத்தாள். உப்புநீரில் வெடித்து மரத்துப்போன விரல் நுனிக்கு விசை பிடிபடவில்லை. விரலை மடக்கிக் கணுவை வைத்து இழுத்தாள். சீறல் கேட்டது. அவன் கறுத்த முன்கையில் மயிரிழைபோல ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கையைச் சற்றுத் தூக்கினாள். கோடு புகையாய் விரிந்தது. கோடும் புகையுமாக ஒரு பூநாரை இறகு உருவானது.

"பட்டுதா?" என்றாள்.

"ஒண்ணும் படல. யாரோ மூச்சு வுட்ட மாதிரி இருக்குது."

"கழுவி வைம்மா. டீ சொல்றேன்," என்று தேவநாதன் வெளியே போனார். அவள் பையிலிருந்த பாட்டிலை எடுத்து மெஷினில் ஊற்றிக் கழுவி, மின்விசிறிக்குக் கீழே வைத்தாள்.

டீ குடித்துவிட்டு, மறுபடி கலர் ஊற்றி விசையை இழுத்தபோது கலர் வரவில்லை. தேவநாதன் ஊசியைக் கழற்றி விளக்கில் பிடித்தார். முனையில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"என்ன ஊத்துன?"

"தண்ணிதாங்க. வூட்டுத் தண்ணி."

அவர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு கரிக்குதே."

அந்தோணிராஜ் பாட்டிலை வாங்கி ரெண்டு மடக்குக் குடித்தான். "உப்பா? நல்லாத்தாங்க இருக்குது."

"பெரிய முனைன்னா இந்தத் தண்ணிய தாங்கும். இதுக்குக் கேன் தண்ணிதான் ஊத்தணும்."

மேரிசெல்வி இறகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெல்லிசே குடுங்க. தண்ணிக்கு நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தது. வீட்டில் புதுக் கேன் இருந்தது. அந்தோணிராஜின் முதுகில் வால் சுழற்றும் மீனொன்றை வரைந்து முடித்தாள். பிறகு கேனைச் சரித்து மெஷினில் கொஞ்சம் ஊற்றி, வாசல் வெளிச்சத்தை நோக்கி அடித்தாள். நீலம் வெளுத்து, தெளிந்து, கடைசியில் நிறமே இல்லாத ஒரு புகை வெயிலில் நின்றது.

குடத்திலிருந்து வீட்டுத் தண்ணீர் மொண்ட டம்ளரோடு அந்தோணிராஜ் அதன் எதிரே நின்றான். ஈரம் அவன் முகத்தில் பூத்தது. உதட்டை நக்கினான், மறுபடி நக்கினான்.

"மேரி, இது தித்திக்குது."

"மெஷினுக்கு வாங்குனது," என்று அவள் கேனின் மூடியை இறுக்கினாள்.

அவன் தலையாட்டிவிட்டு, டம்ளரில் இருந்ததைக் குடித்தான்.