அட்டவணையில் இல்லாத தாய்மார்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, ஊர் வாசிகசாலையின் மேல்மாடி மண்டபச் சுவரில், எல்லோரும் பார்க்கத்தக்க பெரிய எழுத்தில், கதிர்காமத்தம்பியின் குடி மாறிப்போனது.

அவர் இருபத்தாறு வருடமாகக் கோயிலில் வேலாப்போடி குடியின் வண்ணக்கர். அந்தக் குடிக்கு, அதாவது அந்தக் குலத்துக்கு, உள்ள உரிமையைக் கோயில் நிர்வாகத்தில் காத்து நிற்கிறவர். திருவிழா முடிந்து காளாஞ்சி கொடுக்கும்போது முதலில் கூப்பிடப்படுவது வேலாப்போடி குடி. அந்த வெற்றிலைத் தட்டை வாங்க அவர் கை நீட்டாத வருடம் கிடையாது. சண்டைக் காலத்தில் சனம் கலைந்து கிடந்தபோதும் போய் வாங்கினார்.

விடிந்தால் அதே மண்டபத்தில் செயலமர்வு. தரவுத்தளத்தோடு இணைந்த இணையத்தளத்தைத் தங்கள் கையாலேயே செய்து பழக, பெரியகல்லாறு தொடக்கம் கல்லடி வரை இருபது பேர் வருகிறார்கள். நடத்துகிறவள் அவருடைய தங்கை மகள் சுலோஜனா. பயிற்சிக்கு உண்மையான தகவல் வேண்டும் என்று அவள் நாலு தடவை வந்து கேட்ட பிறகுதான் கோயில் பதிவேட்டைக் கொடுத்தார். அதையும் வாசல் தாண்ட விடவில்லை. தன் வீட்டு மேசையில், தன் கண்முன்னாலேயே தட்டச்சுச் செய்ய வைத்தார். இன்று அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சரி பார்க்க வந்திருந்தார்.

"உங்கட பெயரையே தேடிப் பாப்பம், ஐயா," என்று உதவிக்கு வந்திருந்த காத்தான்குடி றஸீனா ஆசையாகத் தட்டினாள்.

புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் விழுந்தது: கதிர்காமத்தம்பி. வண்ணக்கர். கனகப்போடி குடி.

கனகப்போடி அவருடைய தகப்பனின் குடி. இந்த மண்ணில் குடி தாயிடமிருந்து வருகிறது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. முதல் காளாஞ்சி தங்களுக்கே உரியது என்று வருடா வருடம் கோயில் வாசலில் நின்று வழக்குப் பேசுகிறவர்களும் அதே கனகப்போடி குடிக்காரர்தான். அவர்களில் வாய் பெரியவரான யோகராசாவின் பெயர் செயலமர்வுப் பட்டியலில் முதலாவதாக இருந்தது. இந்தச் சுவரை அவர் ஒரு படம் பிடித்தால் போதும். இருபத்தாறு வருடமாக வேலாப்போடி குடியின் தட்டை வாங்கியவன் வேறு குடிக்காரன் என்று ஆகிவிடும்.

"இது ஆர் செய்த வேலை?"

கேபிள் சுற்றிக்கொண்டிருந்த வினோஜன் நிமிர்ந்தான். கொழும்பில் படித்து வளர்ந்த பிள்ளை. அட்டவணைகளை வடிவமைத்தவன் அவன்தான். "என்ன பிழை, ஐயா?"

"என்ன பிழையோ? என்ட தாயை இல்லாம ஆக்கிப்போட்டு என்ன பிழை என்டு கேக்கிறாய்!"

"கோவிக்காதீங்க. வீட்டுக்காரர்ர குடிதான் பிள்ளைகளுக்கும் வாற மாதிரிச் செய்திருக்கன். உங்கட அப்பாட குடியை மாத்தினா உங்களுக்கும் மாறிரும்." இரண்டு தட்டுத் தட்டினான். "இந்தா, இப்ப நீங்க வேலாப்போடி."

கதிர்காமத்தம்பி கண்ணாடியைச் சரி செய்து பார்த்தார். அவர் வேலாப்போடி. அவருடைய தகப்பனும் வேலாப்போடி.

றஸீனா வாயைப் பொத்தினாள். "அல்லாஹ்! ஐயாட உம்மாவையும் வாப்பாவையும் ஒரே குடியில போட்டிட்டீங்களே! ஒரு குடிக்குள்ள கலியாணம் முடிக்கேலா, வினோஜன். எங்கட ஊர்லயும் குடி உம்மா வழிதான். இது அண்ணனும் தங்கச்சியும் முடிச்ச மாதிரிக் கிடக்கு."

"கேட்டியா?" கதிர்காமத்தம்பி வினோஜனின் பக்கம் திரும்பினார். "காத்தான்குடிப் பிள்ளைக்குத் தெரியுது. முதல்ல என்னைக் குடி மாத்தினாய். இப்ப செத்துப்போன என்ட தாய் தகப்பனுக்கு மானக்கேடு பண்ணுறாய். என்ட பதிவேட்டில உள்ளது எல்லாத்தையும் அழி! செயலமர்வும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

சுலோஜனா கதிரைகளுக்கு நடுவே நடந்து வந்து கையை நீட்டினாள். "அந்தப் பதிவேட்டை ஒருக்காத் தாங்க, மாமா."

அவர் கொடுத்தார். அவள் பக்கங்களைப் புரட்டினாள்.

"வினோஜன் தாயின்ட பெயரை எங்க இருந்து எடுப்பான்? இதில ஒரு தாயின்ட பெயராவது இருக்கா? வீட்டுக்காரர், அவர்ர குடி, பிள்ளைகள். அவ்வளவுதானே?"

"அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். எழுத வேண்டிய தேவையில்ல."

"இது ஆர்ர கையெழுத்து?"

அது அவருடைய கையெழுத்து. வண்ணக்கரான முதல் வருடம், பழைய ஏட்டைக் கறையான் தின்றதால், ஏழு நாள் இருந்து அவரே கோடு போட்டு எழுதியது. பிறகு முடித்தவர்களையும் பிறந்தவர்களையும் வருடா வருடம் சேர்த்ததும் அவரே.

"நான் எங்க இருக்கன் என்டு பாருங்க." அவள் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினாள். "என்ட புருசன்ட பேருக்குக் கீழ என்ட பிள்ளைகள். புருசன்ட குடியோட. உங்களுக்குப் பிறகு வேலாப்போடி குடிக்கு நிக்கப் போறது ஆர், மாமா? உங்கட பிள்ளைகள் மாமிட குடி. நிக்க வேண்டியது என்ட பிள்ளைகள். அவங்களை நீங்களே வேற குடிக்குக் குடுத்து எழுதி வெச்சிருக்கிறீங்க. இவனில பாயுறீங்க."

கீழே றோட்டில் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கதிர்காமத்தம்பிக்கு ஆத்திரம் அடங்கவில்லை, போய் விழ ஓர் இடந்தான் இல்லாமல் இருந்தது. பிறகு முன்வரிசைக் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு, முதுகு சாயாமல் அமர்ந்தார்.

"தாய்க்கு ஒரு கட்டம் போடு," என்றார் வினோஜனிடம். "குடி அதில இருந்து வரட்டும்."

"அப்ப வீட்டுக்காரர்?"

"அவர் கடைசியில ஒரு மூலையில இருக்கட்டும். ஆர் வேணாம் என்டது?"

சுலோஜனா தட்டச்சுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "உங்கட பெயரில இருந்து தொடங்குவம். அம்மம்மாட பெயரைச் சொல்லுங்க, மாமா."

"சீதேவிப்பிள்ளை," என்றார். அந்தப் பதிவேட்டை எழுதிய கை அந்தப் பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது.

எண்பத்தாறு வீடுகள். எண்பத்தைந்து வீட்டுத் தாய்மாரின் பெயர்களை மனத்திலிருந்தே சொன்னார். வினோஜன் அட்டவணையை மாற்றிக் கட்டினான். ஒரு வீடு மிஞ்சியது. அது யோகராசாவின் வீடு. அவருடைய தாய் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வாழ்ந்து அங்கேயே இறந்தவர். அவரைக் கதிர்காமத்தம்பி கண்டதுமில்லை, பெயரை அறிந்ததுமில்லை.

"அந்த ஒரு கட்டம் வெறுமையாக் கிடக்கட்டும், மாமா," என்றாள் சுலோஜனா. "நாளைக்கு அவர் வருவார்தானே, கேட்டுப் போடுவம்."

"வெறுமையாக் கிடந்தா என்ன சொல்லுவான் தெரியுமா? வண்ணக்கர் தன்ட தாயை எழுதினார், எங்கட தாயை விட்டிட்டார் என்பான். அந்தப் பேச்சு எங்கட குடிக்கு வேணாம். அந்தப் பைக்குள்ள இருக்கிற என்ட போனைத் தா."

யோகராசா இரண்டாவது மணியோசையிலேயே எடுத்தார். "என்ன வண்ணக்கர், எனக்குக் கோல் எடுக்கிறீங்க! இண்டைக்கு மழைதான்."

"உன்ட தாயின்ட பெயர் என்ன?"

"ஏன், எங்கட குடியை அழிக்கப் போறீங்களோ?"

"எழுதப் போறன். நாளைக்கு வந்து பார். பிழை இருந்தா அப்ப சண்டைக்கு வா."

"ஊர்க் குடியெல்லாம் விரல் நுனியில வெச்சிருக்கிற வண்ணக்கருக்கு எங்கட அம்மாட பெயர் தெரியாதோ?"

மூன்று பேரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனகப்போடி குடிக்காரர் எவரிடமும் அவர் வாழ்நாளில் சொல்லாத ஒரு சொல்லை இப்போது சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியா," என்றார் கதிர்காமத்தம்பி. "சொல்லு."

அந்தப் பக்கம் யோகராசாவின் குரல் தணிந்து வந்தது. "அழகம்மை."

"அழகம்மை," என்று அவர் சுலோஜனாவின் பக்கம் திரும்பித் திருத்தமாகச் சொன்னார். "அவட குடியையும் சரியாப் போடு."

"இந்தாங்க வண்ணக்கர்," யோகராசா மறுபடியும் தொடங்கினார், "காளாஞ்சி விஷயம் வேற, சொல்லிட்டன்."

"வேறதான்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.