மூணு கோடு

“இங்க புரூஃப் பாக்கறது யாரு, சிஸ்டர்?”

“நான்தான். சிஸ்டரெல்லாம் இங்க யாரும் கிடையாது.”

“சரிங்க, சிஸ்டர்.”

மூன்று வருஷத்துக்கு முன்னால், அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த மெஷின்காரர் அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். அன்றைக்கே வாயை அடைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டாள். அப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பழகிப்போய், அடைக்க மனசு வரவில்லை.

கீழே மெஷின் அறையிலிருந்து மாடிக்கு வரும் ஒவ்வொரு புரூஃபோடும் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் ஆங்கிலத்தில், ‘சிஸ்டர், அர்ஜென்ட்’. சிஸ்டருக்குச் சின்ன ‘எஸ்’. அவள் அந்த எஸ்ஸுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் மூன்று கோடு போட்டுத் திருப்பி அனுப்புவாள். சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கு என்பதற்குப் புரூஃப்காரர்களின் குறி அது. மெஷின்காரரோ, அவசரப்படுத்தியதால் வந்த கோபம் என்று நினைத்துக்கொண்டார். “இன்னிக்கும் மூணு கோடுதான்பா” என்று கீழே அவர் புலம்பப் புலம்ப, அவளுக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது.

இன்றைக்கு அவரே மாடியேறி வந்தார். கையில் ஒற்றைத் தாள்.

“பயோடேட்டாங்க. எங்கக்கா ஒரு எடம் பாத்திருக்கா. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணுமாம். இங்கிலீஷ் தப்பில்லாம பாத்துக் குடுங்க, சிஸ்டர்.”

அவள் தாளை வெடுக்கென்று வாங்கினாள். பேனா மூடி திறக்க மாட்டேன் என்றது. பல்லால் கடித்துத் திறந்து, ‘மை ஃபாதர்’ என்பதில் பெரிய ‘எஃப்’பின் மேல் ஒரு சாய்கோடு இழுத்து, ஓரத்தில் சின்ன ‘எஃப்’ எழுதினாள்.

“என்னங்க இது, எங்கப்பாவப் போய் சின்னதாக்கிட்டீங்க? ஆறடி ஆளுங்க அவரு!”

“முன்னாடி ‘மை’ வந்தா சின்ன எழுத்துதான்.”

“மை பட்டா சின்னதாயிடுமா? அப்ப என் கதி?” என்று முழங்கை வரை அச்சு மை அப்பிய கைகளை நீட்டினார்.

சிரிக்கக் கூடாது என்று இருந்தவள் சிரித்துவிட்டாள். “பேருக்குப் பதிலா உறவச் சொன்னா பெரிய எழுத்து. சந்தேகம் வந்தா அங்க பேரைப் போட்டுப் பாருங்க. ஒட்டுச்சுன்னா பெரிசு. ‘மை’க்குப் பின்னால பேரு ஒட்டாது.”

கடைசி வரிக்கு வந்தாள். ‘சிஸ்டர்ஸ்: இரண்டு’.

“உங்களுக்கு ஒரு அக்காதானே?”

“வீட்ல ஒண்ணு, பிரஸ்ல ஒண்ணு. உங்கள விட்ற முடியுமா?”

தாள் வெட்டும் மெஷினில் தலையைக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. ‘இரண்டு’ என்பதை அடித்து ‘ஒன்று’ என்று எழுதினாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

அவர் முகம் வாடிவிட்டது. “என்னைத் தம்பியா நெனைக்கலையா நீங்க?”

“தம்பியா! உங்களவிட ரெண்டு வயசு சின்னவ நான்!”

“பின்ன ஏங்க தெனம் மூணு கோடு போட்டுத் திட்டறீங்க?”

“திட்டல. அந்த எஸ்ஸப் பெரிசாக்குங்கன்னு அர்த்தம்.”

அவர் விரல் விட்டு எண்ணுவதுபோல் யோசித்தார். “முன்னாடி ‘மை’ இல்ல... அப்ப அது பேருக்குப் பதிலா நிக்குது.” சட்டென்று நிமிர்ந்தார். “அப்ப மூணு வருஷமா அது வெறும் பேருதானா? நீங்க எனக்கு சிஸ்டரே இல்லையா?”

கீழே மெஷின் தாள் சிக்கி நின்றுபோனது. “அண்ணே!” என்று யாரோ கத்தினார்கள். அவர் அசையவில்லை.

அவள் பயோடேட்டாவை நாலாக மடித்துத் தன் மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

“இத அனுப்ப வேண்டாம். சிஸ்டர எடுத்துட்டு, அந்த எடத்துல என் பேரைப் போட்டு ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்க.”