கழுதையின் பின்பாதி

முப்பத்திரண்டு வருடமாக அவருக்குப் பட்டப்பெயர் "பின்கால்". அந்தக் காலத்துக் குழந்தைகள் சிரிப்புப் படம் ஒன்றில், தலைமை ஆசிரியரைச் சேற்றில் உதைத்துத் தள்ளிய கழுதை உண்மையில் துணிக்குள் புகுந்த இரண்டு ஆட்கள். முன்னால் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பின்னால் குனிந்து, மச்சானின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சமே பார்க்காமல் நடந்தவர் இவர். உதைத்தது பின்கால். ஆனால் திரையில் 'கழுதையாக' என்று போட்டு மச்சான் பெயரை மட்டும் காட்டினார்கள். தலையை மாட்டியவனுக்குத்தானே உலகத்தில் மரியாதை!

மச்சானும் சும்மா இருக்கவில்லை. "அந்த உதை என் யோசனை" என்று பேட்டிக்குப் பேட்டி அளந்துவிட்டார். அண்ணன் முகம் தெரிந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டும் மனைவியோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று பின்காலைத்தான் கேட்க வேண்டும்.

நடந்தது வேறு. அன்று மதியம் மச்சான் ஆறு அவித்த முட்டையை உள்ளே தள்ளிவிட்டு வந்து, மூடிய துணிக்குள், இவர் மூக்குக்கு நேராகக் குசு விட்டார். மூச்சும் முட்டி, கோபமும் முட்டி, இவர் காலைப் பின்னுக்கு வீசினார். அங்கே தலைமை ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். இதை எந்த மனைவியிடம் போய்ச் சொல்வது? வீட்டில் நிம்மதி வேண்டாமா?

இந்த வருடம் அதே படத்தைப் புதிதாக எடுத்தார்கள். கழுதையைக் கம்ப்யூட்டர் செய்தது. முடிக்கு முடி அசல் கழுதைதான். போட்டுக் காட்டியபோது நாற்பது குழந்தைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை, ஒன்று அழுதது. இயக்குநர் சின்னப் பெண். பழைய கழுதையின் இரண்டு பாதியையும் தேடிப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக ஒட்டிய கறுப்பு உடையில் இவர்கள் நடித்தால், அந்த அசைவைக் கம்ப்யூட்டர் கழுதைக்கு ஏற்றிக்கொள்ளுமாம்.

"இந்தத் தடவை என் பேரும் வரணும்மா," என்றார் பின்கால்.

"உதை சரியா வந்தா கண்டிப்பா போடுறேன் சார். வரலைன்னா அந்த சீனையே தூக்கிடணும்."

காலையில் பதினோரு முறை உதைத்தார். அறுபது வயது இடுப்பு கெஞ்சியது.

"நடிக்கிற மாதிரியே இருக்கு சார்," என்று இயக்குநர் நெற்றியைத் தேய்த்தாள். "அன்னைக்கு என்ன நினைச்சு உதைச்சீங்க?"

பின்கால் மச்சானின் முதுகைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

"மறந்துபோச்சும்மா."

சாப்பாட்டு இடைவேளையில் மச்சான் கேன்டீனில் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். தட்டில் ஆறு அவித்த முட்டைகள். பத்து வருடமாக டாக்டர் பயத்தில் முட்டைப் பக்கமே போகாத மனுஷன், ஒவ்வொன்றாக உரித்து விழுங்கினார்.

"மச்சான், டாக்டர் வேண்டாம்னாரே?"

"சும்மா இரு மாப்ள," என்றார் மச்சான், தலை நிமிராமல். "வேலை நடக்க வேண்டாமா?"

அப்படியென்றால் அந்த உதை எதனால் வந்தது என்று இத்தனை வருடமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறார்! பின்காலுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மதியம் குனிந்து பெல்ட்டைப் பிடித்தார். நாலு அடி நடந்தார்கள். ஐந்தாவது அடியில் மச்சான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பின்காலின் கால் தானாகப் பறந்தது. விளக்குக் கம்பம் சாய்ந்தது, கூடத்தில் இருந்தவர்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"சார்! இந்தக் கோபம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று ஓடி வந்த இயக்குநர், பக்கத்தில் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

தியேட்டரில் குழந்தைகள் அந்த உதைக்கு நாற்காலியில் ஏறிக் குதித்தார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. 'கழுதையின் உதை' என்று போட்டு அவர் பெயர். முழுப் பெயர், எழுத்துப் பிழைகூட இல்லை. பின்காலுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தால் கீழே இன்னொரு வரி: 'உதைக்குக் காரணம்'. அதற்கு நேரே மச்சான் பெயர்.

மனைவி முழங்கையால் இடித்தாள். "என்னங்க, காரணம்னா? எங்க அண்ணன் அப்படி என்ன பண்ணாரு?"

முப்பத்திரண்டு வருடமாக நாக்கு நுனியில் தயாராக இருந்த பதில். முன்வரிசையில் மச்சானின் வழுக்கைத் தலை அசையவே இல்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

"எனக்காக ஆறு முட்டை சாப்பிட்டாரு," என்றார் பின்கால்.