டை கட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனவர்

“போயிட்டு வாங்கன்னா போயிட்டு வாங்க” என்று மருமகளின் கையில் குடையைத் திணித்து, வாசல் கதவையும் தள்ளித் திறந்துவிட்டாள் தொமிகோ. “பெரியவர் எங்க ஓடிடப் போறார்? ஐஸ் வெச்சிருக்கு. ஊதுபத்திய நான் பாத்துக்கறேன். அவர் காட்டறேன்னதையெல்லாம் பாத்துட்டு வாங்க.”

உள்ளறையில் மாமனார் கென்சாகு முகத்தில் வெள்ளைத் துணியோடு படுத்திருந்தார். நேற்று போனவரை இன்று எரிக்க முடியாது. செத்தவர் துணைக்கு ஆள் இழுக்கும் நாள் என்று காலண்டரில் போட்டிருந்தது, சுடுகாட்டுக்கே விடுமுறை. அழ வந்தவர்கள் அழுதுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ரிஹோவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமனாரைக் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. பிறகு டோக்கியோவுக்கு அவர் போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். “ஒசாகாவுக்கு வாம்மா. கோபுரம், கோட்டை எல்லாம் நானே சுத்திக் காட்டறேன்.” அடுத்த ஞாயிறு வருவதாக இருந்தார்கள். அதற்குள் அவர் கோட்டையின் மேல்மாடிப் படிக்கட்டில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

அங்கே எதற்குப் போனார் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. உள்ளூர்க்காரன் எவன் கோட்டைக்குப் போகிறான்? தையல் மெஷின் ரிப்பேர் கடை, பொதுக் குளியல்கூடம், வீடு. எழுபது வருஷமும் அவருக்கு ஒசாகா அவ்வளவுதான். பனியனும் ரப்பர் செருப்புமாகத் திரிந்த மனுஷர், அன்றைக்கு மகன் கல்யாணத்துக்கு வாங்கிய டையைக் கட்டியிருந்தார். “எவளையோ பாக்கப் போயிருக்கார் கெழவர்” என்று சொல்லித் தொமிகோ துக்கத்துக்கு வந்தவர்களைச் சிரிக்கவைத்தாள். அவர்கள் போனபின் மகனிடம் மெல்லக் கேட்டாள். “நிஜமா சொல்லு, உனக்கு ஏதாச்சும் தெரியுமாடா?”

அந்தக் குரலில் கேலி இல்லை. ஒரு பதில் கிடைக்காவிட்டால் மிச்ச நாளெல்லாம் மாமியார் இதையே மென்றுகொண்டிருப்பாள் என்று ரிஹோவுக்குப் பட்டது. ரிஹோவுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. எதையும் கேட்காமல் விடுகிற பிறவி இல்லை அவள்.

“முதல்ல கோபுரம்” என்றாள் தெருவில் இறங்கியதும். “உனக்கு வழி தெரியுமா?”

“பொறந்ததுலேர்ந்து பாத்துட்டிருக்கேன். ஏறினதில்ல” என்றான் அவள் புருஷன் யோஹெய்.

“ஒரு தடவகூடவா?”

“ஏன், நீ உங்க ஊரு டவர்ல ஏறியிருக்கியா?”

ஏறியதில்லை. கோபுரத்தடியில் டிக்கெட் வரிசையில் போய் நின்றாள். உச்சியில் ஒரு தங்கநிறக் குட்டிச்சாமி இரண்டு உள்ளங்காலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தேய்த்தால் நல்லது நடக்கும் என்றார்கள், தேய்த்தார்கள். யாரோ ஒரு புண்ணியவதி போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று போனை வாங்கிக்கொண்டாள். சிரிப்பதா வேண்டாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. படத்தில் பல்வலிக்காரர்கள் மாதிரி விழுந்திருந்தார்கள்.

கீழே, குச்சியில் குத்திப் பொரித்துத் தரும் கடையில் தாமரைக்கிழங்கும் வெங்காயமும் மட்டும் கேட்டாள். சாவு எடுக்கும்வரை கறி கூடாது.

“புதுசா கல்யாணமானவங்களா?” கடைக்காரர் கண்ணடித்தார். “அப்ப கறி தின்னுங்கப்பா. தெம்பு வேணாமா?”

யோஹெய் சிரித்துவிட்டான். ரிஹோவுக்கு வெட்கமாக இருந்தது, குற்றம் செய்வது போலவும் இருந்தது. பசி மட்டும் நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு குச்சி வாங்கினாள்.

கோட்டை வாசலில் மஞ்சள் கோட்டுப் போட்ட அம்மாள் ஒருத்தி வந்தவர்களுக்கெல்லாம் கோட்டையின் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டில் ஹகிநோ என்று பெயர் குத்தியிருந்தது. ரிஹோ நேராக அவளிடமே போனாள்.

“டை கட்டின பெரியவர் யாராச்சும் இங்க வந்து பாத்தீங்களா?”

“அவரா! இந்த வாரம் பூரா வந்தாரே. என் பின்னாடியே சுத்தி, நான் சொல்றத வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொல்லுவார். பாதி தப்பு.” அவள் சிரித்தாள். “டோக்கியோலேர்ந்து மருமக வர்றாளாம். போன்லயே கேள்வி கேட்டுக் கொல்றா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சா மானம் போயிடும்னார். நேத்து டையோட வந்து நிக்கறார். என்னங்க இதுன்னேன். ஒத்திகைன்னா முழுசா பாக்க வேணாமான்னார்.”

யோஹெய் மதில் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனாங்களே, இப்ப எப்படி இருக்கார்?”

 ரிஹோ இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள். அந்த அம்மாள் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினாள்.

வரிசை நகர்ந்தது. அவர்களும் மேலே ஏறினார்கள். அந்தப் படிகளில் ரிஹோ சுவரோரமாகவே நடந்தாள். உச்சியில் ஊரே விரிந்து கிடந்தது. அவள் கண்ணில் ஒன்றும் நிற்கவில்லை. நான் கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் மனுஷர் பனியனோடு கடையில் இருப்பார் என்பதையே மனசு திரும்பத் திரும்பச் சொன்னது.

“அம்மாகிட்ட சொல்ல வேணாம்” என்றான் யோஹெய், ரயிலில்.

“சொல்லாட்டி வேற எவளையோ நெனச்சிட்டே இருப்பாங்க.”

“சொன்னா உன்ன நெனச்சிட்டே இருப்பா.”

 வீட்டுக்குள் நுழைந்ததும் ரிஹோ மாமியாருக்கு எதிரே மண்டியிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“ஒத்திகையா!” தொமிகோ பாயில் அடித்து அடித்துச் சிரித்தாள். “டை கட்டிக்கிட்டு ஒத்திகையா!” சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். “நாப்பது வருஷம்யா. என்னைய ஒரு நாள்கூட கூட்டிட்டுப் போகலியே.”

யோஹெய் எழுந்து அடுக்களைக்குப் போனான். ஊதுபத்தி அடிவரை எரிந்திருந்தது. தொமிகோ இன்னொன்றைக் கொளுத்தி நட்டாள்.

“உச்சியிலேர்ந்து நம்ம வீடு தெரியுதா?” திரும்பாமலே கேட்டாள்.

“பாக்கல அத்தை.”

“இவ்ளோ கேள்வி கேக்கற பொண்ணு, அதப் பாக்கலியா?”

ரிஹோ தலையைக் குனிந்துகொண்டாள்.

“காரியமெல்லாம் முடியட்டும், போவோம். நீதான் சுத்திக் காட்டணும்.” உதிர்ந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டே, “படி நெறையவா?”

“ஆமா அத்தை.”

“மெதுவா ஏறலாம்” என்ற தொமிகோ, உட்காரும் திண்டு ஒன்றை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.