குமாரவேலின் கால்மிதி

குமாரவேலுக்குத் தன் மூளைமேல் அபார நம்பிக்கை. ஆதாரம் கேட்டால்தான் கோபம் வரும். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டு, செவிலிமேட்டில் வெல்டிங் பட்டறை வைத்தவன். அரை ஏக்கர்காரனுக்கும் கட்டுப்படியாகிற களையெடுப்பு மிஷின் செய்தே தீருவது என்று மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில் பழைய மொபெட் எஞ்சினை வைத்து ஒன்று தேறியது. விலை இரண்டு ஆட்டுக்கு மேல் போகாது.

முதலில் கேட்டவர்கள் ஏனாத்தூர் தனசேகரனும் அவர் மனைவி பட்டம்மாளும். குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் நெல் நட்டிருந்தார்கள். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. கடையில் விற்கிற மிஷினின் விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள். இந்த வாரம் களை போகாவிட்டால் பயிர் போய்விடும், அதோடு குத்தகையும் போய்விடும்.

வரப்பில் நின்றபடி குமாரவேல் விளக்கினான். "கை ரெண்டும் புடியில இருக்கும்ணா. நிறுத்தணும்னா பின்னால கீற கால்மிதிய ஒரு அழுத்து. அவ்ளோதான்."

தறியில் கை ஊடுநூல் நாடாவை எறியும், கால் மிதிக்கும். காலுக்கு வேலை கொடுக்காத எதையும் இயந்திரம் என்று ஒத்துக்கொள்ளாத வம்சம் அவனுடையது. பட்டறையின் சிமெண்டுத் தரையில் மிதித்த மாத்திரத்தில் மிஷின் நின்றது.

இங்கே வயலில் மிஷினை ஓட்டிப்போன தனசேகரன், வரிசை முடிகிற இடத்தில் அதை நிறுத்தக் காலை நீட்டித் துழாவினார். மிதி சேற்றுக்குள் எங்கேயோ போயிருந்தது.

"எங்கபா கீது உன் மிதி?"

"இன்னும் கொஞ்சம் கீழணா!" என்று வரப்பிலிருந்து கத்தினான் மேதை.

மிஷின் அவரையும் இழுத்துக்கொண்டு, நாலு வரிசைப் பயிரைக் குறுக்கே புரட்டிப்போட்டு, எதிர் வரப்பில் முட்டி அணைந்தது.

குமாரவேல் வரப்பு வழியே ஓடிவந்தான். "மன்னிச்சிடுணா. இத எடைக்குப் போட்டுடறேன்."

"எடைக்குப் போட்டுட்டு நீ பட்டறைக்குப் போயிடுவ. எங்க களைய யாரு எடுக்கறது?" என்றாள் பட்டம்மாள். மிஷின் ஒழுங்காகப் போன இரண்டு வரிசைகளைக் காட்டினாள். களை பெயர்ந்து மிதந்தது, நெல் நின்றது. "வேல செய்யுதுப்பா. அந்த மிதிய அறுத்துட்டு, சைக்கிள் பிரேக்காட்டம் கையில வையி. புடியையும் எறக்கு. இவரு நாளைக்கு வேற வேலைக்குப் போயிடுவாரு. ஓட்டப்போறது நான்."

அவள் தலை அவன் தோளுக்குத்தான் வந்தது. பிடியை அவன் தன் உயரத்துக்கு அளந்து வைத்திருந்தான்.

"நாளைக்குக் காலைல கொண்டாரேன்கா" என்று திரும்பினான்.

"எங்க போற? பேந்து கெடக்கற பயிர யாரு நடுவாங்க? எறங்கு."

செருப்பைக் கழற்றி, பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். சேறு முழங்கால்வரை உள்ளே வாங்கியது. விவசாயிக்காக மூன்று வருடம் யோசித்தவன், வயலில் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.