பால் காய்ச்சாத வீடு

“வேனை எந்தப் பக்கம் திருப்பறதும்மா?” என்று டிரைவர் மூஸா மறுபடியும் கேட்டார்.

வாய்க்கால் மதகுக்கு அந்தாண்டை பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் மிராசுதார் மனையில் இதுவரை குடியிருந்த குடிசை. வலது பக்கம் புது வீடு. வேனுக்குள் வீரையன் வெள்ளைத் துணியில் கிடந்தான். காலையில் மில்லுக்குக் கிளம்பியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

“புது வீட்டுக்கு,” என்றாள் அவன் பெண்டாட்டி அம்சவல்லி.

கொழுந்தன் மருதையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன அண்ணி பேசுறீங்க? இன்னும் பாலே காய்ச்சல. மொதமொதல்ல பொணத்தையா எறக்குவாங்க? அப்பறம் ஒரு ஈ காக்கா அந்த வீட்ட அண்டுமா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கூலிப் போராட்டத்தின்போது மிராசுதார் ஆட்கள் குடிசையைப் பிரித்துப் போட்ட அன்றைக்கு, மழையில் நனைந்துகொண்டே வீரையன் சொன்னது இவளுக்கு மட்டும்தான் தெரியும். “எம் பொணமாச்சும் சொந்த மனையிலேருந்து போவணும்டி.” அப்புறம், குடியிருப்பவனுக்கே மனை என்று சர்க்கார் சட்டம் போட்டது. அதே இடத்தில் குடிசையை மறுபடி போட்டார்கள், ஆனால் மிராசுதார் கோர்ட்டுக்குப் போனதில் மனை கைக்கு வரவில்லை. வீரையன் மில் வேலைக்குப் போனான்.

மில்லில் மாசாமாசம் பிடித்த பி.எப். பணத்தில் எழும்பிய வீடு அது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எழும்பியிருக்க வேண்டியது. முதல் மில்லை விட்டபோதே பணத்தை எடுத்திருக்கலாம். அஞ்சு வருஷ சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லிவைக்க, “வேர்வ சிந்துன காசுடி. வரியா எதுக்குக் குடுக்கணும்? புது மில்லுக்கு மாத்திக்கிட்டு, அஞ்ச முடிச்சுட்டே எடுப்போம்” என்றான். முடித்தான், எடுத்தான், கட்டினான். ஓடு வேய்ந்து முடித்தபோது மார்கழி பிறந்துவிட்டது. தை பிறக்கட்டும் என்றான். மகராசனுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

சொந்தப் பேரிலோ பெண்டாட்டி பேரிலோ மனை இருந்தால்தான் வீடு கட்டப் பணம் என்பது பி.எப். சட்டம். அவன் இவள் பேரில்தான் வாங்கியிருந்தான்.

“மனை எம் பேர்ல இருக்கு,” என்றாள். “வலது பக்கம் திருப்புங்க பாய்.”

வாசலில் வேன் நின்றதும் அவள் மட்டும் இறங்கினாள். “எறக்கிடாதீங்க. செத்த இருங்க.” கூடியிருந்த பெண்களில் பக்கத்து வீட்டு நீலாம்பாளைப் பார்த்து, “அக்கா, ஒரு செம்பு பால் குடு” என்றாள்.

“அடி ஆத்தி! எந்த நேரத்துல எதடி பண்ற?”

“தாலி இன்னும் எங் கழுத்துலதான் கெடக்கு. நானே காய்ச்சறேன்.”

வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லில் மூன்றை எடுத்து அடுப்புக் கூட்டினாள். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே, வீரையனோடு வேலை பார்த்த ஹபீப் முகம்மது மருதையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அப்பவே பணத்த எடுத்திருந்தாலும், நம்ம வாங்குற சம்பளத்துக்கு வரியே வராது தம்பி. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வரின்னாலே பயந்துட்டாரு. கேக்கல.”

அம்சவல்லி ஊதுவதை நிறுத்தினாள். ரெண்டு வருஷம். இந்த அடுப்படியில் ரெண்டு வருஷம் அவனுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கலாம். “அட கூறுகெட்ட மனுசா!” என்று வாய்விட்டே திட்டினாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. குலவையிட உள்ளே ஒருத்தியும் இல்லை.

“இப்ப எறக்குங்க,” என்றாள்.

பறை முழங்க, வீரையன் அந்த வீட்டு வாசலிலிருந்துதான் போனான்.

பொழுது சாய்வதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. நீலாம்பாள் மட்டும் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. “ஒண்டியா எப்படிடி இருப்ப? எங்கூட வந்து படுத்துக்க.”

“இருந்துக்கறேன்க்கா.”

கதவைச் சாத்தினாள். புதுத் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் தள்ளிப் போட்டாள். பிறகு பாயை விரித்து, பழக்கம்போல, பாதி இடத்தை விட்டுவிட்டு ஓரமாகப் படுத்தாள்.