வெள்ளைச் சட்டை வாசகர்கள்

தென்காசியில் ஒரு பிளெக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வடிவமைக்கிற வேலை நாச்சியாருக்கு. வீட்டில் முதல் பட்டதாரி. பட்டத்துக்குக் கிடைத்தது இதுதான். இறந்தவர் படம் பனியனோடு வரும், கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டி வரும். ஆண் என்றால் கழுத்துக்குக் கீழே ஒரே வெள்ளைச் சட்டையை ஒட்டுவாள், பையில் நீலப் பேனா செருகியது. பெண்களுக்கு மெரூன் பட்டு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆப்பில் பேய்த்தொடர் எழுதினாள். இருநூறு பேர் பின்தொடர்ந்தால் எழுத்துக்குச் சம்பளம். வந்தால் இந்த வேலைக்கு ஒரு முழுக்கு.

"ஏட்டி, சொல்லு, ஆயிரம் பேரை விலைக்கு இறக்கிருவோம்" என்றான் மெஷின் ஓட்டும் பேச்சிராஜ்.

"கூட்டத்தை விலைக்கு வாங்க நான் என்ன கட்சியா நடத்துதேன்? வாசிக்கவன் வந்தாப் போதும். நீ மையைப் பாருலே."

பாத்திரங்களுக்குப் பேர் தேடி அவள் மெனக்கெடவில்லை. அன்றன்று அடித்த அஞ்சலியிலிருந்தே எடுத்துப் போட்டாள். வாசகர்கள் தாமாக, அத்தியாயத்துக்கு நாலைந்து பேராகச் சேர்ந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது. அன்றைக்கு ஒரு சாவும் இல்லை, எடுத்துப் போடப் பேரும் இல்லை.

"ஒண்ணுதான் குறையுதாக்கும்? என் பேரைப் போடு, வந்து சேருதேன்" என்று இளித்துவிட்டுப் பேச்சிராஜ் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனான்.

அந்த எரிச்சலில் போட்டாள். அருவிக்குப் போனவன் திரும்பவில்லை என்று ஓர் அத்தியாயம்.

உடனே இருநூறு. பேச்சிராஜ்தான். படத்தைத் தொட்டாள். வெள்ளைச் சட்டை, நீலப் பேனா.

பின்தொடர்பவர் பட்டியலைக் கீழே தள்ளினாள். குத்துக்கல்வலசை முத்துச்செல்வம், வெள்ளைச் சட்டை. ஆலங்குளம் ஆவுடைத்தாய், மெரூன் பட்டு. கடைசிவரை அப்படியே. எல்லாம் அவள் கை ஒட்டியவை.

போன் போட்டாள். எடுத்தான். பின்னால் தண்ணீர் இரைச்சல்.

"நீயாலே ஆப்புல சேந்தே?"

"எந்த ஆப்பு? அஞ்சருவில நிக்கேன். தண்ணி செமையா விழுது."

"வெளிய வா. இப்பமே வாலே!"

"என்னட்டி, ஒண்ணும் கேக்க மாட்டேங்கு..."

பிறகு இரைச்சல் மட்டும்.

சம்பளத்துக்கான பொத்தான் பச்சையாக மின்னியது. நாச்சியார் அதைத் தொடவில்லை. தொடரை முழுதாக அழித்தாள். எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. நூறு, நாற்பது, ஏழு.

ஒன்றில் நின்றது. பேச்சிராஜ்.

துண்டிக்காத அழைப்பில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.